கரிச்சான் படித்த தடம்

பச்சைமலைக் காட்டில் குட்டிகளை எல்லாம் இரவில் ஒரே பட்டியில் அடைப்பார்கள். விடிந்ததும், குளத்துக்குப் போகும் பாதைகளில் சிறுத்தைத் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முள்படலைத் திறக்க வேண்டும். அந்த வேலை பூவாயி என்ற சருகுமானுடையது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உருவம், ஆனால் கூர்மையான கண். அவளுடைய இரண்டு குட்டிகளும் அதே பட்டிக்குள்தான் இருந்தன.

ஒரு நாள், காட்டு அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. நரி தன் முதுகில் ஒரு கரிச்சான் குருவியை ஏற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் தடங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் யாருடையது என்று சொல்லிப் பழக்கியிருக்கிறதாம். பத்துத் தடங்களைக் காட்டிக் கேட்டது. பத்தையும் கரிச்சான் சரியாகச் சொன்னது. இனிமேல் பூவாயி குனிந்து தேட வேண்டாம். குருவி சொன்னதும் படலைத் திறந்தால் போதும் என்றது நரி. பிறகு ஒரு மணி நேரம் வாயில் நுழையாத வார்த்தைகளாகப் பேசியது. முள்ளம்பன்றி கண்ணைத் திறந்தபடியே தூங்கியது.

‘பயிற்சி புரிந்தது’ என்பதற்கான தேக்கிலையில், வருகைப் பதிவோடு சேர்த்துக் காலையிலேயே எல்லோரும் கால் பதித்துவிட்டார்கள். பூவாயி மட்டும் பதிக்கவில்லை. அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நாளைக்குப் படலைத் திறக்கப்போவது அவள். வெளியே ஓடப்போவது அவள் குட்டிகள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தக் குருவிக்குத் தடங்களை எங்கே வச்சுக் காட்டினீங்க?"

நரிக்கு எரிச்சல். "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? மான் தடம் எல்லாம் புங்க மரத்தடியில. சிறுத்தைத் தடம் எல்லாம் செம்மண் மேட்டுல."

கரிச்சான் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பூவாயி அந்த மேட்டுக்குப் போனாள். நாலு அடி நடந்து தடம் பதித்துவிட்டுப் புதருக்குள் மறைந்துகொண்டாள். பிறகு கரிச்சானைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "சிறுத்தை" என்றது அது, கொஞ்சமும் தயங்காமல்.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. முள்ளம்பன்றிகூட விழித்துக்கொண்டு சிரித்தது. தலைமை அதிகாரியான யானை மட்டும் சிரிக்கவில்லை. சிறுத்தைத் தடம் பதிந்து காய்ந்த களிமண் கட்டி ஒன்று அலுவலகத்தில் மாதிரிக்காக இருந்தது. யானை அதைத் தூக்கிவந்து புங்க மரத்தடியில், உதிர்ந்த பூக்களுக்கு நடுவே வைத்தது.

"மான். படலைத் திறக்கலாம்" என்றது கரிச்சான்.

சிரிப்பு நின்றது. பட்டிக்குள் குட்டிகள் விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.

உனக்குத் தடமே தெரியாதா என்று யானை அதட்டியது. கரிச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தெரியும்னு நான் எப்போ சொன்னேன்? எனக்குக் காட்டின மான் தடத்துல எல்லாம் பூ கிடந்துச்சு. பார்த்ததை வச்சு ஊகிச்சுச் சொல்றேன். புரிஞ்சுதுன்னு கால் பதிச்சது நீங்கதானே?"

யானை அந்தத் தேக்கிலையை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டது.

அடுத்த பத்து நாளும் பூவாயியே கரிச்சானோடு காடெல்லாம் அலைந்தாள். மணலில், சேற்றில், செம்மண்ணில், சருகில் என்று எல்லா இடத்திலும் எல்லாத் தடங்களையும் காட்டினாள். ஒரு நிபந்தனையும் போட்டாள்: குருவி சொல்லட்டும், ஆனால் படலைத் தொடுவதற்கு முன் அவள் ஒரு தடவை பார்ப்பாள்.

பதினோராம் நாள் விடியற்காலையில் கரிச்சான் பறந்து வந்தது. "அக்கா, புங்க மரத்தடியில புதுத் தடம். சிறுத்தைன்னு நினைக்கிறேன். வந்து பாருங்க."

அவள் ஒருத்தியாகத் தேடியிருந்தால் எல்லாப் பாதைகளையும் பார்த்துவிட்டுப் புங்க மரத்தடிக்கு வரவே உச்சிப்பொழுது ஆகியிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே பதிந்திருந்தது சிறுத்தையின் காலேதான். திரும்பி வந்து படலை இன்னொரு கொடியால் இறுக்கிக் கட்டினாள்.

புதருக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை மதியம்வரை காத்திருந்துவிட்டுப் பட்டினியாகவே போய்ச்சேர்ந்தது. காடே ஆரவாரித்தது. யானை பூவாயியையும் அவள் குட்டிகளையும் முதுகில் ஏற்றி ஊர்வலம் வந்தது. கரிச்சான் அவள் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அன்று மாலை புதிய தேக்கிலை ஒன்று வந்தது. அதில் முதல் ஆளாகக் கால் பதித்தவள் பூவாயிதான்.

எவ்வளவு கெட்டிக்காரக் கருவி பதில் சொன்னாலும், அது எதைப் பார்த்துக் கற்றது என்று கூச்சப்படாமல் கேட்டு, முடிவைத் தன் கண்ணால் சரிபார்ப்பவரே தம்மை நம்பியவர்களைக் காப்பாற்றுவார்.