நீரின் மேல் குடியேறிய பூச்சி

மீனும் எறும்பும் மனிதரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மலையடிவாரத்து ஓடை ஒன்றின் கரையில் நல்லி என்பவளும் அவள் கணவன் செம்பனும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். கிழங்கும் தேனும் காட்டுப் பழமும்தான் அவர்கள் சாப்பாடு. மீன் பிடிப்பதில்லை, வேட்டைக்கும் போவதில்லை. அதனால் எந்த உயிருக்கும் அவர்களிடம் பயம் கிடையாது.

ஒரு கோடையில் மழை பொய்த்தது. ஓடை சுருங்கி, பாறைகளுக்கு நடுவே ஒரு மடுவாக நின்றுவிட்டது. கரையில் இருப்பவர்கள் தண்ணீரைக் கலக்கிவிடுகிறார்கள் என்று மீன்கள் குறைப்பட்டுக்கொண்டன. கரை முழுவதும் வளை தோண்டிவைக்கிறார்கள் என்று எறும்புகள் நண்டுகளைத் திட்டின. பேச்சு முற்றி, கடைசியில் எல்லாரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இனி நீர்க்கூட்டம், கரைக்கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்து அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் சேராதவர்கள் ஓடையை விட்டே போய்விட வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பை நல்லியிடமும் செம்பனிடமும் விட்டார்கள்.

செம்பன் சுலபமான வழி ஒன்றைச் சொன்னான். இருந்த இடத்திலிருந்து அப்படியே வந்து அவன் முன்னால் பாறை மேல் நிற்க வேண்டும். உடம்பு நனைந்திருந்தால் நீர்க்கூட்டம், காய்ந்திருந்தால் கரைக்கூட்டம். வேலை மளமளவென்று நடந்தது. மீன்கள் பாறையில் ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பின. எறும்பும் வெட்டுக்கிளியும் காய்ந்த உடம்போடு வந்து போயின. தவளை மட்டும் இரண்டு பக்கமும் தனக்கு வேண்டும் என்று கத்தியது. அதன் சத்தம் தாங்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அப்போது நீளக் கால்களோடு ஒரு மெல்லிய பூச்சி வந்து நின்றது. அதற்கு அன்றைக்குப் பெயர்கூட இல்லை. உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் அது மடுவிலிருந்து வந்ததை எறும்புகள் பார்த்திருந்தன. இது சிலந்தியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, சிலந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சிலந்தி இறங்கி வந்து, தங்களுக்கு எட்டுக் கால் என்றும், இவளுக்கு அத்தனை இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டது. செம்பன் தன் வழியை மாற்றவில்லை. காய்ந்திருப்பதால் கரைக்குப் போகச் சொன்னான்.

பூச்சி கரைக்குப் போனது. மணலில் அதன் நீளக் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தடுமாறுவதைப் பார்த்ததும் எறும்புகள் சூழ்ந்துகொண்டன. எப்படியோ தப்பி மடுவுக்கு வந்து மீன்களிடம் இடம் கேட்டது. மூத்த கெண்டை நல்லபடியாகத்தான் பேசியது. முழுகி உள்ளே வந்து நனைந்துவிட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. பூச்சி தலையால் தண்ணீரைக் குத்திப் பார்த்தது, மேலிருந்து குதித்துப் பார்த்தது. தண்ணீர் அதை உள்ளே விடவே இல்லை.

அன்று மதியம் நல்லி மடுவின் ஓரத்தில் பூந்திக்கொட்டை தேய்த்துத் தலை அலசிக்கொண்டிருந்தாள். நுரை தண்ணீரில் பரவியது. மேலே மிதந்துகொண்டிருந்த ஒரு வண்டின் சிறகு, நுரை பட்டதும் மெல்ல அடிக்கு இறங்கியது. பூச்சி அதைப் பார்த்தது. ஒரு கணம் நின்றது. பிறகு நேராக அந்த நுரைக்குள் ஓடியது.

கால்கள் நனைந்தன. உடம்பு நனைந்தது. பூச்சி கல்லைப் போல அடிக்குப் போய், மூச்சுக்குத் தவித்தது. நல்லி கூந்தலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு புல் தண்டை நீட்டி அதை மேலே எடுத்தாள்.

“ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்டாள்.

“நனைந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், அக்கா. என் முட்டைகள் அதோ அந்த மிதக்கும் இலையில் ஒட்டியிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?”

நல்லி பூச்சியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். நல்ல தண்ணீர் ஊற்றி நுரையைக் கழுவி, அதை வெயிலில் ஒரு கல் மேல் விட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல்முறையாக அதை நன்றாகப் பார்த்தாள். முகத்தை ஒட்டி இரண்டு குட்டைக் கால்கள் மடங்கியிருந்தன. அவற்றை யாரும் கவனித்திருக்கவில்லை. நீளக் கால்கள் நான்கையும் சேர்த்தால் ஆறு கால்கள். எல்லாவற்றிலும் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லிய மயிர். பூச்சி ஒவ்வொரு காலாகத் துடைத்துக் காயவைத்தது. பிறகு தண்ணீரில் இறங்கியது. அதன் பாதம் பட்ட இடமெல்லாம் தண்ணீர் லேசாகக் குழிந்ததே தவிரக் கிழியவில்லை. நடுக்கால்களால் ஒரு தள்ளு தள்ளியது. அடுத்த கணம் அது மடுவின் மறுபக்கத்தில் இருந்தது.

நல்லி ஈரத் தலையோடு போய்ச் செம்பனை அழைத்துவந்து காட்டினாள்.

“நனைந்தாயா, காய்ந்தாயா என்றுதான் கேட்டோம். எங்கே நிற்கிறாய் என்று கேட்கவே இல்லையே” என்றாள்.

செம்பன் குனிந்து அதன் பாதங்களைப் பார்த்தான். தான் அவசரப்பட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் இரண்டு கூட்டத்தையும் கூட்டினார்கள். தண்ணீருக்கு மேலேயே குடியிருக்க முடியுமா என்று நல்லி மீன்களைக் கேட்டாள். கொக்கு கொத்திக்கொண்டு போய்விடும் என்றன மீன்கள். எறும்புகளைக் கேட்டாள். நிற்க முடியாது, முழுகிவிடுவோம் என்றன.

“அப்படியானால் அது இதுவரை யாருடைய இடமும் இல்லை” என்றாள் நல்லி. “மூன்றாவதாக நீர்மேல் கூட்டம் என்று ஒன்று இருக்கட்டும். இப்போதைக்கு அதில் இவள் ஒருத்திதான்.”

மீன்கள் சம்மதித்தன. எறும்புகளில் மூத்தது மட்டும், இவள் எதைத் தின்று பிழைப்பாள் என்று கேட்டது. மேலிருந்து தண்ணீரில் விழுவதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றது பூச்சி.

“எங்களில் ஒருவர் தவறி விழுந்தால்?”

“விடமாட்டேன், தின்றுவிடுவேன்” என்றது பூச்சி.

பொய் சொல்லாமல் பேசுகிறாளே என்று எறும்புக்குப் பிடித்துப்போயிற்று. தங்கள் ஆட்களைப் பார்த்து நடக்கச் சொல்வதாகச் சொல்லி ஒப்புக்கொண்டது. நல்லி அந்தப் பூச்சிக்கு நீரோடி என்று பெயர் வைத்தாள்.

இலையில் இருந்த முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் பிறந்ததுமே தண்ணீரின் மேல் ஓடிப் பழகின. பிறகு மழை வந்தது, ஓடை நிறைந்தது. நீர்மேல் கூட்டமும் பெருகி, மர நிழல் விழும் இடங்களில் கும்பலாகக் கூடியது. நல்லி அதற்குப் பிறகு பூந்திக்கொட்டையை ஓடைக்குக் கொண்டுபோகவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டு, தள்ளியிருந்த பாறையில் உட்கார்ந்து தலை அலசினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் காரணம் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவர்களும் அப்படியே செய்தார்கள்.

நீரோடி இன்றும் தண்ணீருக்குள்ளும் போகாமல் கரையிலும் தங்காமல் நீரின் மேலேயே வாழ்கிறது. நுரைக்குள் ஓடிய அந்த நாளிலிருந்துதான், ஓட்டம் நிற்கும்போதெல்லாம் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொள்கிறது.