ராஜா படத்துக்குக் காமாலை

மேழிபுரம் என்றொரு நாடு. அதை ஒரு காலத்தில் வீரகம்பீரன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதை நம்பிவிடுவான். அதனால் அவனை அண்டிப் பிழைத்தவர்களுக்கு நிம்மதி என்பதே கிடையாது.

அந்த ஊரில் பவளாயி என்பவள் எண்ணெய்ச் சாயத்தில் படம் எழுதுவாள். வண்ணப்பொடியை அரைகல்லில் அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, இழுத்துக் கட்டிய கித்தானில் பூச்சுமேல் பூச்சாக ஏற்றுவாள். ராஜா தீர்த்த யாத்திரை கிளம்பும் முன், முத்துமாலை போட்டு வெள்ளைக் குதிரைமேல் தான் உட்கார்ந்திருப்பதுபோல எழுதச் சொன்னான். நாற்பது நாளில் முடித்து, பண்டகசாலை அதிகாரி சூரப்பரிடம் ஒப்படைத்தாள்.

"மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் ஐயா. உள்ளே காய ஆறு மாதம் பிடிக்கும். அதுவரைக்கும் வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டி வையுங்கள்" என்றாள்.

அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

சூரப்பருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய மைத்துனனும் சித்திரக்காரன். அந்தப் படம் அவன் கைக்கு வந்திருக்க வேண்டியது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ராஜா திரும்பி வந்தான். சபை கூடியது, திரையை விலக்கினார்கள். வெள்ளைக் குதிரை மஞ்சள் குளித்து வந்ததுபோல் நின்றது. முத்தெல்லாம் சோளமுத்து. நீல வானம் பாசி பிடித்த குளம். ராஜாவின் முகமோ காமாலைக்காரன் முகம்.

"நான் இப்படியா இருக்கிறேன்?" என்று கேட்டான் ராஜா.

சபையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் லேசாக அப்படித்தான் என்று இழுத்தார். இன்னொருவர் சாயங்கால வேளையில் மட்டும் என்றார். சூரப்பர்தான் முன்னால் வந்தார். கெட்ட எண்ணெயில் எழுதி ஏமாற்றிவிட்டாள் என்றார். தர்பாரில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, தினமும் வெயில் படும்படி மாட்டி வைத்தும், தன் கண்ணெதிரிலேயே மஞ்சளாகிப் போனதாகச் சொன்னார்.

ராஜா நம்பிவிட்டான். மறுநாள் காலை பவளாயியின் அரைகல், தூரிகை, கித்தான் எல்லாவற்றையும் ஆற்றில் போட்டுவிட்டு, அவளையும் நாட்டைவிட்டு அனுப்பச் சொன்னான்.

 அந்த அரைகல் இல்லாமல் பவளாயி எங்கே போய் என்ன செய்வாள்? செக்குக்காரன் எண்ணெயில் வேறு எதையாவது கலந்தானா, வெள்ளையை அரைத்ததில் தப்பா, தூரிகையைச் சரியாகக் கழுவவில்லையா? வீட்டுக்குப் போய் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தாள். அப்போது இரண்டு துண்டுப் பலகை கண்ணில் பட்டது. குதிரைக்குக் குழைத்த அதே வெள்ளையை, ஒரே நாளில், சோதனைக்காக அவற்றில் பூசியிருந்தாள். ஒன்றை ஜன்னலடியில் எண்ணெய்ச் சாடிக்கு மூடியாகப் போட்டிருந்தாள்; அது வெள்ளையாகவே இருந்தது. மற்றது நெல் குதிருக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, அது மஞ்சள். ஒரே வெள்ளை இரண்டு விதமானது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அமைச்சர் அம்பலவாணரிடம் ஓடினாள்.

"எனக்கு ஒன்றுமே புரியவில்லை ஐயா" என்றாள்.

அவர் எது எங்கே கிடந்தது என்று மட்டும் கேட்டார். சிரித்துக்கொண்டே, "நீ புரியாமலே இரு, அம்மா. நாளைக்குச் சபைக்கு வா" என்றார்.

மறுநாள் அமைச்சர் சூரப்பரை அழைத்து, படம் எங்கே மாட்டியிருந்தது என்பதைக் குலதெய்வத்தின்மேல் சத்தியமாகச் சொல்லச் சொன்னார். கிழக்கு ஜன்னல், தினமும் வெயில் என்று அவரும் சத்தியம் செய்தார்.

"அரசே, படம் பொய் சொல்கிறதா, அல்லது தங்களுக்கு வரப்போகும் காமாலையை முன்கூட்டியே சொல்கிறதா? அது தெரியாமல் இவளைத் துரத்திவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?" என்றார் அமைச்சர்.

ராஜா உடனே கண்ணாடி கொண்டுவரச் சொல்லித் தன் கண்ணைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அரண்மனை வைத்தியர் வந்து, கீழாநெல்லிச் சாறு, உப்பில்லாச் சோறு, தினமும் வெயிலில் உட்காருவது, இப்படிப் பதினைந்து நாள் என்றார்.

"படத்துக்கும் அதே வைத்தியம்தான்" என்றார் அமைச்சர்.

"படம் கீழாநெல்லி குடிக்குமா?"

"அதற்கு வெயில் மட்டும் போதும், அரசே."

அன்றிலிருந்து ராஜாவும் படமும் மாடியில் அருகருகே உட்கார்ந்தார்கள். காவலுக்கு ஆள் போட்டார் அமைச்சர். பவளாயி தினமும் கீழே நின்று எட்டிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் வெளுத்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் இல்லை என்று பட்டது. தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. பதினைந்தாம் நாள் படத்தைச் சபைக்கு இறக்கினார்கள். குதிரை பால் வெள்ளை, முத்து முத்தாகவே இருந்தது, வானம் நீலம்.

"சூரப்பரே, உங்கள் ஜன்னலில் ஆறு மாதம் காய்ந்து மஞ்சளான படம், மாடியில் பதினைந்தே நாளில் எப்படி வெளுத்தது? கிழக்கு ஜன்னலுக்கு வேறு சூரியனா வருகிறது?" என்று கேட்டார் அமைச்சர். பவளாயியின் இரண்டு பலகைகளையும் சூரப்பர் முன்னால் வைத்து, எது இருட்டில் கிடந்தது என்று எடுத்துக் காட்டச் சொன்னார்.

சூரப்பர் மஞ்சள் பலகையைத் தொட்டுக் காட்டினார். அம்பாரி வைக்கும் இருட்டறையில், கம்பளியில் சுற்றி, சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார்.

ராஜாவுக்கு வாயெல்லாம் கீழாநெல்லிக் கசப்பு. மிச்சமிருந்த சாறும் உப்பில்லாச் சோறும் இனிமேல் சூரப்பருக்கு என்றான். தினமும் காலையில் படத்தை வெயிலுக்குத் தூக்கிப் போய், திரும்பக் கொண்டுவருவதும் அவர் வேலை என்றான். பவளாயிக்கு அரண்மனையிலேயே, நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரும்படி வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைத்த அறையைக் கொடுத்து, அரைகல்லை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னான்.

பிறகு படத்தின் பக்கத்தில் போய் நின்றான்.  பதினைந்து நாள் வெயிலில் ராஜா கருகிப் போயிருந்தான்.

"பவளாயி, இப்போதும் இது என்னைப்போல இல்லையே" என்றான் ராஜா குழப்பத்தோடு.

வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குக் குழப்பமே வரவில்லை.

"படம் சரியாகத்தான் இருக்கிறது, மகாராஜா. இனி நீங்கள்தான் கொஞ்ச நாள் நிழலில் இருக்க வேண்டும்."