கைப்பிடியின் வேற்றுமை

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள், திங்கட்கிழமை. பாளையங்கோட்டையில் விடியற்காலையில் தூறல், எட்டு மணி முதல் அடைமழை, காற்று வடகிழக்கிலிருந்து.

“டீச்சர், என் நாற்காலியில அவ உக்காந்திருக்கா” என்றார் இசக்கியப்பன்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“‘என்’ங்கிறது எத்தனையாம் வேற்றுமை, அண்ணாச்சி?”

இசக்கியப்பன் திகைத்தார். எனினும், பள்ளியில் கற்றது நாவில் நின்றது.

“ஆறாம் வேற்றுமை. உடைமைப் பொருள்.”

“என் கை. என் நாற்காலி. ரெண்டு ‘என்’னும் ஒண்ணா?”

“இல்லை. கை என்னை விட்டுப் பிரியாதது, அது தற்கிழமை. நாற்காலி பிரியக்கூடியது, அது பிறிதின்கிழமை.”

“அப்போ, கைப்பிடி?”

அவர் வாய் திறப்பதற்குள், சன்னலோர நாற்காலியில் அமர்ந்திருந்த சுகிர்தா எழுந்துவிட்டாள்.

“என் சந்தேகம் தீந்துட்டு டீச்சர். நீங்க உக்காருங்க, அண்ணாச்சி.”

அவள் போய்விட்டாள். இசக்கியப்பன் அமர்ந்தார். அவள் எழுந்து கொடுத்த இருக்கை என்பதனால், அது அவருக்கு முள்ளாய்க் குத்தியது. கேட்கப்பட்ட வினா விடையின்றி அந்தரத்தில் நின்றது.

*

டீச்சர் எனப்பட்டவர் அமலோற்பவம், வயது முப்பத்தொன்பது. இரண்டாண்டுக் காலம் பள்ளியில் இலக்கணம் கற்பித்துவிட்டுக் கணினிக்கு வந்து, சிறு நிரல் அலுவலகம் ஒன்றை நடத்துபவர். நிரல் எழுதுவதில் அவ்வூரில் அவருக்கு நிகர் இல்லை.

இசக்கியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. வங்கி வேலையை விட்டுவிட்டு, தம்மினும் பன்னிரண்டு ஆண்டு இளையவரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். அதில் அவருக்கு நாணம் இல்லை.

அவருக்கு இருந்த குறை வேறு. அதன் பெயர் சுகிர்தா.

டீச்சரின் அறையில் நாற்காலிகள் நான்கு. ஐந்தாமவர் உள்ளே வந்தால், அமர்ந்திருக்கும் நால்வருள் எவர் பேசி நெடுநேரம் ஆயிற்றோ அவர் எழுந்து வெளியேற வேண்டும். அறையின் சட்டம் அது ஒன்றே.

இசக்கியப்பன் அச்சட்டத்தை நன்கு கற்றார். வெளியேற்றப்படாதிருக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எதையேனும் பேசிவைத்தார்.

“மழை விட்டுட்டா டீச்சர்?”

“இல்லை.”

“விட்டுரும்.”

உடன் பயிலும் சுகிர்தாவோ வருவாள், வினாவைக் கேட்பாள், விடை கிடைத்ததும் எழுந்து போய்விடுவாள். அவளை எவரும் வெளியேற்ற நேர்ந்ததே இல்லை. ஆயினும், அவள் வரும்போதெல்லாம் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இசக்கியப்பன் வரும்போது நிமிர்வதில்லை.

ஏழு மாதங்களாக அவர் இதனைக் கவனித்துவந்தார்.

*

மலையிலும் சமவெளியிலுமாக இரண்டாயிரத்து நானூறு மழைமானிகள். ஒவ்வொரு மானிக்கும் கணினியில் ஒரு கோப்பு. மழை பெய்யும் இடத்து மானி அடிக்கடி அளவு சொல்லும். பெய்யாத இடத்தது எப்போதாவது சொல்லும். சொன்னதை அதனதன் கோப்பில் எழுதும் நிரல் ஒன்று வேண்டும் என்று அணைக் கட்டுப்பாட்டறை கேட்டிருந்தது.

தடை ஒன்று இருந்தது. ஒரு நிரல் ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்துநான்கு கோப்புகளை மட்டுமே திறந்து வைத்திருக்கக் கணினி இடங்கொடுக்கும். திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அது ஓர் எண்ணை நீட்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எழுதவோ படிக்கவோ இயலும். அதனைக் கைப்பிடி என்பது டீச்சரின் வழக்கு.

சுகிர்தா எழுதிய நிரல் எளியது. கோப்பைத் திறக்கும், எழுதும், மூடும். அடுத்ததைத் திறக்கும், எழுதும், மூடும்.

“வீட்டுக்குள்ள தண்ணி குடிக்கப் போறதுக்கு ஒவ்வொரு தடவையும் தெருக்கதவைப் பூட்டிப் பூட்டித் திறக்கிற மாதிரி இருக்கு” என்று இசக்கியப்பன் சொல்லிச் சிரித்திருந்தார்.

அவர் எழுதியது நுட்பமானது. ஆயிரம் கோப்புகளை எப்போதும் திறந்த நிலையில் வைத்திருக்கும். புதியதொன்று வேண்டும்போது, ஆயிரத்துள் எது தொடப்பட்டு நெடுநேரம் ஆயிற்றோ அதனை மூடிவிட்டு, அவ்விடத்தில் புதியதைத் திறக்கும். இவ்வமைப்புக்கு டீச்சர் இட்ட பெயர் கையிருப்பு. நான்கு நாற்காலிகளின் சட்டத்திலிருந்தே இசக்கியப்பன் அதனை வடித்தெடுத்திருந்தார். அதில் குற்றம் கண்டவர் எவரும் இலர்.

“முதல் பெருமழை அன்னைக்கு ரெண்டையும் ஓட விடுவோம்” என்று டீச்சர் முன்பே கூறியிருந்தார். “காலை ஒன்பதிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். நிக்காம ஓடுறது எதுவோ, அது அணைக்குப் போகும். எழுதினவங்க கையில பொறுப்பு.”

அந்தப் பொறுப்பை இசக்கியப்பன் விரும்பினார். அது சுகிர்தாவின் கைக்குப் போகாதிருக்க வேண்டும் என்பதை அதனினும் மிகுதியாக விரும்பினார்.

*

ஒன்பது மணிக்கு இரண்டும் புறப்பட்டன.

ஒன்பதரைக்கு மாஞ்சோலை மானிகள் ஓயாமல் பேசத் தொடங்கின. இசக்கியப்பனின் நிரல் மானி சொன்ன நொடியிலேயே எழுதியது. சுகிர்தாவின் நிரல் இரண்டு நிமிடம் பின்தங்கியது.

புறப்பட்ட நொடி முதலே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, இசக்கியப்பனின் திரையின் ஓரத்தில் ஒரு சிறு வரி தோன்றிற்று. அதனை அவர் மட்டுமே பார்த்தார். பார்த்த ஒவ்வொரு முறையும் மீசைக்குள் சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கிறீங்க?” என்றான் கிளாட்வின், பக்கத்து மேசைக்காரன்.

“மழை பெய்தா மனசு குளிருதுல்லா.”

“எனக்குக் கால்தான் குளிருது. சன்னலைச் சாத்துங்க.”

பன்னிரண்டு மணிக்கு டீச்சரின் அறைக்குள் சுகிர்தா சென்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்ததைக் கண்ணாடித் தடுப்பின் வழியே இசக்கியப்பன் கண்டார். திரையின் ஓரத்து வரிக்காகக் காத்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு அது வந்தது.

சுகிர்தா: இரண்டு நிமிடம் பின்.

அவர் மீண்டும் மீசைக்குள் சிரித்தார்.

பன்னிரண்டு இருபதுக்கு வரி வரவில்லை.

“அண்ணாச்சி!” என்று கத்தினான் கிளாட்வின். “உங்க வண்டி நின்னுட்டு!”

*

நிரல் இறக்கவில்லை; உறைந்து நின்றது. திறந்த கோப்புகள் மிகுதி என்று திரையில் அறிவிப்பு நின்றது.

“இருக்கவே இருக்காது” என்றார் இசக்கியப்பன். டீச்சரின் அறையில் அப்போது அனைவரும் நின்றிருந்தனர். நாற்காலியின் நினைவு எவருக்கும் இல்லை. “ஆயிரத்துக்கு மேல என் கையிருப்பு திறக்காது. நீங்களே பாத்தீங்க. இது வரம்போட குத்தம். நாலாயிரம்னு ஏத்தி விடுங்க, எப்படி ஓடுதுன்னு பாருங்க.”

“ஏத்தலாம்” என்றார் டீச்சர். “அதுக்கு முன்னால, இப்போ அது கையில என்னென்ன வச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாப்போம்.”

அவர் ஒரு கட்டளையைத் தட்டினார். உறைந்து நின்ற நிரல் திறந்து வைத்திருந்த கோப்புகளின் பெயர்கள் ஒளிவீழ்த்தி வழியே சுவரில் விழுந்தன.

“வாசிங்க அண்ணாச்சி. சத்தமா.”

“மாஞ்சோலை ஒன்று. மாஞ்சோலை இரண்டு. பாபநாசம்...”

“மானிகள் சரியா ஆயிரம் இருக்கு. கணினி தன் பாட்டுக்கு நாலு வச்சிருக்கு. அதை விட்டுருங்க. கடைசிப் பக்கம்.”

கடைசிப் பக்கம் சுவரில் விழுந்தது.

இசக்கியப்பன் வாசிக்கவில்லை.

“எழுத்து தெரியலையா?”

“தெரியுது.”

“வாசிங்க.”

“சுகிர்தா நிலை” என்றார் அவர்.

“அடுத்தது?”

“சுகிர்தா நிலை.”

“அடுத்தது?”

“சுகிர்தா நிலை.”

“நிறுத்தாதீங்க.”

அவர் நிறுத்தவில்லை. மழையின் ஒலியூடே, ஒரே பெயரை மீண்டும் மீண்டும் சொல்லும் அவருடைய குரல் மட்டும் கேட்டது. சுகிர்தா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வாக்காளர் பட்டியல்லகூட ஒரே பேரு இத்தனை தடவை வராதுல்லா” என்று முணுமுணுத்தான் கிளாட்வின். டீச்சர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

“எத்தனை?” என்று கேட்டார் டீச்சர்.

“இருபது.”

“ஆயிரமும் நாலும் இருபதும்?”

“ஆயிரத்து இருபத்துநாலு.”

“இருபத்தொண்ணாவது?”

“அதைத் திறக்கத்தான்... இடமில்லாமப் போச்சு.”

சுகிர்தாவின் நிரல் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதைக் காட்டும் கோப்பு அது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதனைத் திறந்து பார்க்கும்படி இசக்கியப்பன் தம் நிரலில் சில வரிகளைச் சேர்த்திருந்தார். பிறர் கண்ணில் படலாகாது என்பதற்காக, கையிருப்பின் வழியாகச் செல்லாமல் புறவாசல் வழியாகச் சேர்த்திருந்தார். மூடுவதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. எழுதவில்லையே, பார்க்கத்தானே செய்கிறோம் என்று இருந்துவிட்டார். இரண்டு மணி நேரச் சோதனைகளில் அது வெளிப்படவும் இல்லை.

“இருபது தடவை எட்டிப் பாத்ததுக்கு” என்றாள் சுகிர்தா மெல்ல, “ஒரு தடவை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, அண்ணாச்சி. ரெண்டு நிமிஷம். காலையிலேருந்து அதே ரெண்டு நிமிஷந்தான்.”

அவள் கேலி செய்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

*

இசக்கியப்பன் மூலையில் இருந்த தம் குடையை எடுத்துக்கொண்டார். கதவருகே சென்றார். சுகிர்தா விலகி வழிவிட்டாள். கதவைத் திறந்தார்.

அதற்கு அப்பால் திறந்த நடைவழி. அதற்கு அப்பால் மழை.

அவர் வெளியே அடியெடுத்து வைக்கவில்லை. உள்ளேயும் திரும்பவில்லை. கதவின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி வாசற்படியிலேயே நின்றார்.

“நான் வந்த நாள்லேருந்து பாக்கேன்” என்றார், மழையைப் பார்த்தவாறே. “அவ வந்தா நிமிருதீங்க. நான் வந்தா நிமிர மாட்டேங்கிறீங்க. ஏன் டீச்சர்?”

காற்று உள்ளே பாய்ந்தது. மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. கிளாட்வின் அவற்றைத் துரத்தினான்.

“அவ வந்தது கண்ணுக்குத் தெரியுது” என்றார் டீச்சர். “நீங்க எப்போ போனீங்க அண்ணாச்சி, வந்ததைப் பாக்க?”

இசக்கியப்பன் திரும்பினார். முகம் நனைந்திருந்தது. சாரலாக இருக்கலாம்.

“அப்போ நான் வெளியே போகணும்கிறீங்க.”

“வெளியே போனாலும் சரி. உள்ளே வந்தாலும் சரி.” டீச்சர் இப்போது நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார். “கைப்பிடியை விடுங்க.”

அவர் குனிந்து பார்த்தார்.

எஃகுக் கைப்பிடி. அதன்மேல் விரல்கள் ஐந்து, வெளுத்துப் போயிருந்தன. எது எஃகு, எது விரல் என்று ஒரு கணம் அவருக்கே விளங்கவில்லை.

பிறகு விளங்கிற்று.

“பிறிதின்கிழமை” என்றார்.

கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

*

சுகிர்தாவின் நிரல் அன்று மாலை ஆறு மணிவரை நிற்காமல் ஓடியது. நவம்பர் 20ஆம் நாள், புதன்கிழமை, அது அணைக் கட்டுப்பாட்டறைக்கு அனுப்பப்பட்டது. பொறுப்பு அவளிடம் தரப்பட்டது.

இசக்கியப்பன் 19ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கே அலுவலகம் வந்தார். புறவாசல் வரிகளை நீக்கினார். அவை மூன்று. நான்காவதாக இருந்திருக்க வேண்டிய, மூடும் வரியை அவர் எழுதியிருக்கவே இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில், சுகிர்தா அவருடைய கையிருப்பைத் தன் நிரலில் பொருத்திக்கொள்ள இசைவு கேட்டாள். அவர் கொடுத்தார். பொருத்தும் வேலை இருவருக்கும் இரண்டு நாள் பிடித்தது. பின்தங்கல் இரண்டு நிமிடத்திலிருந்து நான்கு நொடியாகக் குறைந்தது. நிரலின் தலைப்பில் இருவர் பெயரும் உள்ளன; அகரவரிசைப்படி இசக்கியப்பன் பெயர் முன்னே நிற்கிறது.

கணினியின் வரம்பு உயர்த்தப்படவில்லை. டீச்சரின் அறையில் இன்றும் நாற்காலிகள் நான்கே. சன்னலோர நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கிறது.