அணையாத பச்சை ஒளி

மரகதவல்லிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று, தான் ஆய்வு செய்த ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் அருமைநாயகத்தின் அறையில் அவள் பேசியது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். விலங்குகளின் செல்லுக்குள் கயிறுபோல ஓடி அதைத் தாங்கும் புரதங்கள் உண்டு; இடைநிலை இழைகள் என்பார்கள். தாவரங்களிலும் அவை உண்டா என்று தேடியது அந்த ஆய்வகம். விலங்குப் புரதத்தில் போய் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கேரட் செல்களில் இட்டார்கள், ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும்படி. நுண்ணோக்கியில் வலைபோல் ஒளிர்ந்தது. பேராசிரியர் அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

மரகதவல்லி இன்னொரு சோதனை செய்தாள். எதிர்ப்பொருளை முதலில் அந்த விலங்குப் புரதத்தோடேயே கலந்து, அதன் பிடிகளையெல்லாம் நிரப்பிவிட்டுச் செல்லில் இட்டாள். பிடி நிரம்பியது செல்லில் ஒட்டக்கூடாது. ஒளி அணைய வேண்டும். மூன்று முறை செய்தும் அணையவில்லை. அப்படியானால் எதிர்ப்பொருள் வேறெதிலோ கண்டபடி ஒட்டுகிறது.

“ஒளி அணையாத அந்தப் படம் கட்டுரைக்கு வேண்டாம்,” என்றார் பேராசிரியர்.

“அது இல்லாம இந்தக் கட்டுரையே பொய் சார்.”

“எனக்கு நீ பாடம் எடுக்காதேம்மா.”

நுண்ணோக்கியில் படமெடுத்த சக ஆய்வாளன் இத்ரீஸ் நடுவழி ஒன்று கண்டான். ‘மேலும் உறுதிப்படுத்த வேண்டும்’ என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தான். அணையாத ஒளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. “எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம் மரகதம், புரிஞ்சுக்க,” என்றான். அவள் கட்டுரையில் தன் பெயரை அடித்துவிட்டு வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, முகம் தெரியாத சுடர்க்கொடி என்ற மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘நீங்கள் அந்த ஆய்வகத்தில் இருந்தவர் என்று கேள்விப்பட்டேன் அக்கா. அந்தக் கட்டுரையை நம்பித்தான் என் ஆய்வு முழுக்க. புரதத்தைக் கலந்த பிறகும் எனக்கு ஒளி அணைய மாட்டேன் என்கிறது. என் கை சரியில்லை என்கிறார் வழிகாட்டி. இந்த மாதத்தோடு ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்.’

படித்ததும் மரகதவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறைத்தவர் ஒருவர். மழுப்பியவன் ஒருவன். விலகிப்போனவள் ஒருத்தி. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

ஒருவரும் இல்லை. மரகதவல்லி தன் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு பொய்யை ஊருக்குள் விட்டுவிட்டாள். அது தெரிந்ததால்தான் இந்த முறை கோபம் அவள் மேலேயே திரும்பியது. மூன்று சோதனைகளின் படங்களையும் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்கு அனுப்பினாள். சுடர்க்கொடியின் வழிகாட்டிக்கும் ஒரு நகல் அனுப்பி, கீழே எழுதினாள்: ‘அந்தப் பெண்ணின் கை சரியாகத்தான் இருக்கிறது.’