வாயால் பிடித்த சாணை

சிரிப்பு வரும், அவசரப்படாதீங்க. முதலில் கொம்பையாவின் கொட்டகைக்கு வாங்க. ஊருக்கு வெளியே ஒற்றை ஆளாக இருந்து, மரம் கடையும் உளிகளைச் செய்து சாணை பிடிக்கிறவன். பேச ஆளில்லாமல் பட்டறைச் சத்தங்களோடு பேசிப் பேசி, அத்தனையும் அவன் வாய்க்குள் வந்துவிட்டன.

கடைசல் பட்டறை முதலாளி ஆவுடையப்பன் ஒருவர்தான் அவனிடம் உளி வாங்குகிறவர். அவரும் வராவிட்டால் அந்தக் கொட்டகைக்கு மனித வாடையே கிடையாது.

அன்று டிரைவரோடு வந்தார். கூர் பார்க்க, புது உளியால் தன் முன்கை முடியை மழித்தார். வழவழவென்று வந்தது. இருந்தாலும், "என்னலே, மொட்டையா இருக்கு! திரும்பப் பிடி. சரியில்லேன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார்.

இன்னும் தேய்த்தால் நல்ல எஃகு வீணாகும். கொம்பையா உள்ளே போனான். சாணை மெஷினைத் தொடவே இல்லை. "உய்ய்ய்ங்... ஸ்ஸ்ர்ர்ர்" என்று வாயாலேயே சாணை பிடித்துவிட்டு, அதே உளியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

முதலாளி மறுகையை மழித்தார். "பாத்தியாலே! நான் சொன்னப்புறம்தான் கூர் வந்திருக்கு. இனி நம்ம உளியெல்லாம் இவன்கிட்டதான்" என்று டிரைவரிடம் பீற்றிக்கொண்டார். "வேர்க்குது, அந்த ஃபேனைப் போடு."

"காலையிலேருந்து கரண்டே இல்லை, மொதலாளி" என்றான் கொம்பையா.

டிரைவர் திரும்பி நின்று இருமினான். முதலாளி ஃபேனைப் பார்த்தார். உள்ளே சாணை மெஷின் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாகக் கொம்பையாவின் வாயில் வந்து நின்றது.