கரடி கட்டிய மரக்குளம்

ஒரு மலையடிவாரக் குகையில் மொத்தன் என்ற கரடி வாழ்ந்தது. அந்தக் கோடையில் குகைக்கு எதிரே இருந்த குளம் வற்றி, இடுப்பளவுத் தண்ணீர் கணுக்காலளவாகிவிட்டது. அதில் கெண்டை மீன்கள் வாயைப் பிளந்து கிடந்தன.

"மொத்தா! இன்னும் பத்து நாள்கூடத் தாங்கமாட்டோம்!" என்று கதறியது தாய்க்கெண்டை.

கரடிக்கு மனம் கேட்கவில்லை. அது தேனும் கரையானும் தின்று வாழ்வது. மீன்மேல் அதற்கு ஆசை கிடையாது. "என் குகைக்குள்ளேயே உங்களுக்குக் குளம் கட்டித் தருகிறேன். அங்கே உச்சி வெயிலும் வராது, கொக்கும் வராது!" என்றது.

காற்றில் விழுந்த மரங்களைப் பிளந்து, தன் உயரத்துக்குப் பலகைகள் செய்தது. அவற்றைக் குகைக்குள் பெரிய வட்டமாக நிறுத்தி, இடுக்குகளை நாராலும் பிசினாலும் அடைத்தது. அடியில் களிமண் பூசியது. பலகைகளின் நடு உயரத்தில் வெளிப்புறமாக ஒரே ஒரு கொடியைச் சுற்றிக் கட்டியது.

மரங்களிலேயே பிறந்து வளர்ந்த செவ்வாலி என்ற மலையணில் வந்து பார்த்தது.

"மொத்தண்ணே, ஒரு கட்டு போதாது! கீழே நெருக்கமாக இன்னும் நாலு கட்டு போடு. தண்ணீர் தள்ளும்!"

கரடி சிரித்தது. "நான் நக்கிக் குடிக்கிற தண்ணீரா என் பலகையைத் தள்ளும்? ஆறு தள்ளும், சரி. இது சும்மா நிற்கப்போகிற தண்ணீர், போ!"

குகையின் மூலையில் விரல் கனத்துக்கு ஓர் ஊற்று கசிந்து மணலில் மறைந்துகொண்டிருந்தது. அதை மூங்கில் வழியே மரக்குளத்துக்குத் திருப்பிவிட்டது கரடி. தண்ணீர் முழங்கால் அளவு ஏறியதும், மீன்களைச் சுரைக்குடுக்கையில் அள்ளி வந்து அதில் விட்டது. "அடடா, என்ன குளிர்ச்சி!" என்று அவை துள்ளின.

நான்காம் நாள் தண்ணீர் கரடியின் மார்பளவு ஏறியது. திடீரென்று 'மடக்' என்று ஒரு சத்தம்! ஒரு பலகை அடியில் வெளியே பிதுங்கியது. நீர் பீச்சியடித்தது.

"மொத்தா, பாறையில் சிதறிச் செத்துப்போவோம்!" என்று மீன்கள் அலறின.

கரடி பாய்ந்து பலகையில் முதுகைக் கொடுத்தது. பலம் முழுவதும் திரட்டித் தள்ளியது. தண்ணீரில் ஓர் அலை இல்லை, ஓர் அசைவு இல்லை. ஆனால் கரடியின் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு முன்னால் நகர்ந்தன! காட்டெருமையோடு மோதியபோதுகூட அந்த எருமை நடுவில் மூச்சு வாங்க நின்றது. இந்தத் தண்ணீர் மூச்சே வாங்கவில்லை.

சத்தம் கேட்டு அணில் ஓடி வந்தது. "செவ்வாலி! நீ சொன்னதுதான் சரி. என்ன செய்யவேண்டும், சொல்!"

"முதலில் மூங்கிலை விலக்குகிறேன். நீ நகராதே, அண்ணே!" என்றது அணில். தன் கூட்டத்தையே கூவி அழைத்தது. அணில்கள் முரட்டுக் கொடிகளை இழுத்து வந்து, கரடியின் முதுகுக்கும் பலகைக்கும் இடையே நுழைத்து, குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடின. அடியில் நெருக்கமாக, மேலே இடைவெளிவிட்டு, ஐந்து கட்டுகள் இறுக்கின.

"இப்போது விடு!"

கரடி பயந்து பயந்து விலகியது. பலகை அசையவில்லை. ஈரத்தில் மரம் உப்பி, கசிவும் மெல்ல மெல்ல நின்றது.

குகை வாயில் வழியே மாலை வெயில் நுழைந்து தண்ணீரில் இறங்கியது. உள்ளே கெண்டைகள் வெள்ளி வெள்ளியாகத் திரும்பின. அந்த ஒளி கூரைப் பாறையெங்கும் நெளிந்தது. கரடி பலகையில் மெதுவாகக் கை வைத்தது. இத்தனை பெரிய பலம் இத்தனை சாதுவாக மீன்குஞ்சுகளைத் தாங்கிக்கொண்டிருந்தது!

அமைதியாக இருப்பவற்றின் பலத்தை அலட்சியம் செய்பவர், தம்மை நம்பி வந்தவர்களையே ஆபத்தில் தள்ளிவிடுவார்.