குமிழியின் வாயில் இருந்த இறால்

கோரையேரியில் கூழைக்கடாக்களும் முக்குளிப்பான்களும் கூட்டாக மீன் பிடித்து வந்தன. கூழைக்கடாக்கள் பெரிய பறவைகள். தாடைக்குக் கீழே பை தொங்கும். அவை தண்ணீரில் அரைவட்டமாக வளைந்து நிற்கும். முக்குளிப்பான்களோ குட்டிப் பறவைகள். அவை அடிவரைக்கும் முங்கி, சேற்றில் ஒளிந்திருக்கும் மீனை மேலே விரட்டிவிடும். மேலே வந்த மீன் நேராகப் பைக்குள் போகும். சாயங்காலம் மணல்திட்டில் எல்லார் எதிரிலும் பையைக் கவிழ்த்து, சரிபாதி பிரித்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் ஒரு காலம்! கூழைக்கடாக்களின் தலைவர் தாடையப்பர் வந்த பிறகு பை திட்டில் கவிழவே இல்லை. அவர் கோரைப்புதருக்குப் பின்னால் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, முக்குளிப்பான்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தார். வருஷத்துக்கு வருஷம் பங்கு தேய்ந்தது. அவர் பை மட்டும் பெருத்தது. கேட்டால், "மழை சரியில்லை!" என்பார். மழை கொட்டித் தீர்த்த வருஷம், "வெள்ளம் ஜாஸ்தி!" என்பார். அவருக்கா காரணம் கிடைக்காது?

ஒருநாள் குமிழி என்ற முக்குளிப்பான் பங்கு வாங்கப் போனாள். தாடையப்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குமிழி, உன் வேலையே தனி! உனக்கு மட்டும் தினமும் ஒரு இறால் சேர்த்துத் தரேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன் வீட்டுக்காரன்கிட்டகூடச் சொல்லாதே. மத்தவங்க வயிறு எரிவாங்க!"

குமிழிக்குத் தலைகால் புரியவில்லை. 'ஏரியிலேயே என்னைத்தான் ஐயா மதிக்கிறார்!' என்று பூரித்துப்போனாள். கொழுத்த இறால் அது. கால், மீசையெல்லாம் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். அங்கேயே பிய்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே அலகுக்குள் அடக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கூட்டுக்கு நீந்துவாள். ஓசைப்படாமல் தின்றுவிடுவாள்.

அவள் புருஷன் துடுப்பன் பொறுமையில்லாதவன். மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவான். பங்கு இன்னும் குறைந்த ஒரு நாளில், எல்லார் எதிரிலும் கேட்டே விட்டான்.

"ஐயா, முங்குறது நாங்க. உங்க பை நிறையுது, எங்க வயிறு காயுது. இது என்ன நியாயம்?"

தாடையப்பர் பதறவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வேற யாருக்காவது குறை இருக்கா?" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. துடுப்பன் திரும்பிக் குமிழியைப் பார்த்தான். அவள் இறாலை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ இந்த ஏரியில எனக்கு மட்டும்தான் பசியா?" என்றான் துடுப்பன். அன்றைக்கே ஏரியை விட்டுக் கிளம்பினான். போகும்போது குமிழியிடம் மட்டும் சொன்னான்: "நான் தேவைன்னா அந்தியில ஒரு குரல் கொடு. எங்கிருந்தாலும் வந்துடறேன்."

அதன் பிறகு குமிழிக்கு ஏரியே வெறிச்சென்று போய்விட்டது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிய மிதக்கும் கூட்டில் ஒருத்தியாகப் படுத்தாள். அவன் படுக்கும் பக்கம் உடம்புச் சூடு இல்லாமல் ஈரமாகக் கிடந்தது. அவளுக்கு அவன் வேண்டும். கூப்பிடத் துடித்தாள். ஆனால் அந்தி நேரத்தில் வாயில் இறால் இருந்தது! திறந்தால் விழுந்துவிடும். விழுந்தால் ராத்திரிப் பசி தாங்காது, ஊருக்கும் தெரிந்துவிடும். கூட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். இருட்டில் குரல் கொடுத்தால் பாம்பு வரும். 'நாளைக்குக் கூப்பிடலாம்' என்று தினமும் நினைத்தாள். பைத்தியக்காரி!

ஒரு அந்தியில் அக்கரையில் ஏதோ கரகரத்தது. அவன் குரலேதான் என்று அவள் நினைத்துவிட்டாள். எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏங்க! நான் இங்கேதான் இருக்கேன்! வாங்க!"

இறால் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. கரகரத்தது வெறும் தவளை.

பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த இன்னொரு முக்குளிப்பான் சுழியாயி திகைத்துப்போய் வாயைப் பிளந்தாள். அவள் வாயிலிருந்தும் ஒரு இறால் விழுந்தது!

"மதினி, உனக்குமா?" என்றாள் குமிழி.

"உனக்குமா?"

"எனக்கு மட்டும்தான்னு சொன்னாரே! உங்க எல்லாரையும்விட நான் ஒசத்தின்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்!" என்று சுழியாயி அழுதாள்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எல்லார் வாயிலும் ஒவ்வொரு இறால். வாய் நிற்காதவன் என்று துடுப்பனுக்கு மட்டும்தான் தாடையப்பர் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் இறால் கொடுத்துவிட்டு, அதைவிட எத்தனையோ மடங்கு மீனைப் பங்கில் பிடித்துக்கொண்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை கூழைக்கடாக்கள் வளைந்து நின்றன. முக்குளிப்பான்கள் சும்மா மிதந்தன.

"முங்குங்க!" என்று கத்தினார் தாடையப்பர்.

"இனிமே பையைத் திட்டுல கொட்டுவேன்னு சொல்லுங்க ஐயா, முங்கறோம்!" என்றாள் குமிழி.

தாடையப்பர் தானே முங்கிப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு தக்கையாக மேலேயே மிதந்தது. தலை உள்ளே, வால் வெளியே! கூழைக்கடாக்களே சிரித்துவிட்டன. வெயில் ஏறியது, பசி வந்தது. வேறு வழியில்லாமல் தாடையப்பர் ஒப்புக்கொண்டார், முக்குளிப்பான்கள் முங்கின. அன்று சாயங்காலமே பை எல்லார் எதிரிலும் கவிழ்ந்தது. சரிபாதி பிரிந்தது.

வயிறு நிறைந்த குமிழி, ஏரி நடுவே பட்ட கருவேல மரத்தில் குடியிருக்கும் மீன்கொத்தியிடம் விரைந்து நீந்தினாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரரை எங்கேயாவது பார்த்தீங்களா?"

"துடுப்பனா? எத்தனையோ அந்தி அக்கரையில வந்து உட்கார்ந்திருந்தானே! காதைத் தீட்டிக்கிட்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தான். ஒரு சத்தமும் வரல. எழுந்து மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டான்."

"ஐயோ! எங்கிட்ட ஏன் அண்ணே சொல்லல?"

"நீ எங்கேம்மா வாயைத் திறந்து கேட்டே?"

இப்போது தினமும் அந்தியில் குமிழி குரல் கொடுக்கிறாள். மலை தாண்டிக் கேட்கட்டும் என்று சுழியாயியும் மற்றவர்களும் கூடச் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு மிதக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

கூட உழைப்பவருக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் கொடுக்கப்படும் கூலி நம் வாயை அடைக்கக் கொடுக்கப்படுவது. அதை ஒளித்து வைக்காமல் உடனே வெளியே சொல்லிவிட வேண்டும்.